மாங்கொப்பு வெட்டும் மாதம்

மாமரத்தின் கொப்புகளை வெட்ட ஆவணிதான் நல்ல மாதம். காய் பறித்து முடிந்திருக்கும். வறண்ட கச்சான் காற்றில் வெட்டுவாய் சீக்கிரம் காயும். மழையில் வெட்டினால் ஈரம் இறங்கி மரம் அழுகும். விவசாயப் போதனாசிரியராக இருந்த காலம் முழுவதும் இதைத்தான் ஊரூராகச் சொன்னேன். தோப்பூரில் கேட்டுக்கொண்டே ஒருவர் நித்திரையானார். திரியாயில் மூவர்.

நீங்கள் பேணாட்டின் சாவைப் பற்றிக் கேட்டீர்கள். அதற்குத்தான் வருகிறேன்.

உவர்மலையில் பேணாட் எனக்கு அடுத்த வளவு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டினவர். உயரம் அவருக்குப் பொருட்டல்ல. தன் மாமரத்தை ஆண்டுதோறும் மார்கழியில், நத்தார்ப் பண்டிகையையொட்டி, நல்ல மழைக்குள் வெட்டுவார். அது கொப்பு முறியக் காய்க்கும். புத்தகப்படி வெட்டிய என் மரம் இலை மட்டும் தரும்.

"ஐயா, உங்கட மரத்துக்கு வாசிக்கத் தெரியாது போல," என்று வேலிக்கு மேலால் சிரிப்பார்.

அவர் மனைவி நிலுஷா ஒரு வாளி மாம்பழம் அனுப்புவா. அத்தனையையும் நானே சாப்பிடுவேன். என் கொள்கைப்பிடிப்பு அவ்வளவுதான்.

போன ஆவணியில் பேணாட் வேலியடிக்கு வந்தார். சிரிக்கவில்லை.

"இந்த முறை காயே இல்லை ஐயா. நான் தோத்துப்போனன். எப்ப வெட்டுறது எண்டு நீங்களே சொல்லுங்கோ."

பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்த கேள்வி. பதில் வாய்வரை வந்தது. கூடவே ஒரு பயமும் வந்தது: ஆவணியில் வெட்டியும் காய்க்காவிட்டால்? அவர் சாகும்வரை சிரிப்பாரே.

அவருடைய மரத்தின் உச்சிக்கொப்பில், என் மேல்மாடி யன்னலுக்கு மட்டும் தெரியும்படி, ஒரு குளவிக்கூடு இருந்தது. அப்போது சின்னது, தேசிக்காய் அளவு.

"ஐப்பசியிலே வெட்டுங்கோ," என்றேன். "முதல் மழை விழட்டும்."

"ஆவணி எண்டெல்லோ சொல்லுறனீங்கள்?"

"இப்ப ஆராய்ச்சி மாறிப்போச்சு."

நம்பினார்.

புரட்டாதியில் கூடு தேங்காயளவு வந்தது. ஐப்பசியில் குடம். தினமும் காலையில் யன்னலடியில் கதிரை போட்டு, தேத்தண்ணி குடித்துக்கொண்டு பார்த்தேன். நான் நட்டது எதுவும் இவ்வளவு செழிப்பாக வளர்ந்ததில்லை. சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அவர் கேட்டது மாதத்தை, கூட்டை அல்ல. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது உத்தியோகப் பழக்கம்.

முதல் மழை விட்ட காலையில் பேணாட் கத்தியோடு ஏறினார். பாதி மரத்தில் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"ஐயா, இந்த உயரம் காணுமோ?"

"இன்னும் கொஞ்சம் மேலே," என்றேன்.

பிறகு யன்னலைச் சாத்தினேன். நிலுஷா கத்தியது கண்ணாடிக்கு வெளியே மெதுவாகத்தான் கேட்டது.

ஓம், கொன்றது நான்தான். வாக்குமூலத்தில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்து வைக்கிறேன். ஐப்பசியில் வெட்டச் சொன்னதை மட்டும் தயவுசெய்து பேப்பர்காரருக்குச் சொல்லிவிடாதீர்கள். தொழில் தெரிந்தவன் யாரும் அப்படிச் சொல்லமாட்டான்.