பாதிப் பொருத்தத்தை முழு வாழ்வாக்கிய மருத்துவருக்கு

எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைப் பிரிவின் மாண்பே! மருண்டு வந்தோர் மனத்தில் துணிவூட்டிய மருத்துவத் தாயே! பணி நிறைவு காணும் எங்கள் தலைமை மருத்துவ அம்மையே! வணக்கம்.

குருதி ஊறுவது நின்றுபோனவர்க்குப் குருதியைப் பிறப்பிக்கும் பிறரின் குருத்தணுக்களைச் செலுத்துவது பாதிப் போர். புகுந்த அணுக்கள் புகுந்த உடலையே பகையென்று எண்ணித் தோலையும் குடலையும் ஈரலையும் தாக்காமல் தடுப்பது மீதிப் போர். அந்த மீதிப் போரில் நீங்கள் வென்ற கதையை, நீங்கள் கையமர்த்தினாலும், இன்று சொல்லியே தீருவோம்!

பேருந்து நடத்துநர் ஒருவர் வந்தார். எலும்பு மஜ்ஜை வற்றிய உடல். முழுப் பொருத்தமுள்ள கொடையாளர் எவருமில்லை. அவருடைய அக்காவின் அணுக்களோ பாதியே பொருந்தின. அத்தகையோரைத் திருப்பி அனுப்புவதே அந்நாளைய வழக்கம். அக்கா உங்கள் அறைவாசலை விட்டு நகரவில்லை.

“சின்ன வயசுல இவனை நான் அடிச்சது போதாதா டாக்டர்? என் ரத்தம் உள்ள போயும் அடிக்கணுமா?”

“அடிக்கிற கையை மட்டும் கட்டிப்போடுறேன்மா. வளர்க்கிற கையை விட்டுடுறேன்,” என்றீர்கள்.

அணுக்களைச் செலுத்திய சில நாளில் கடும் மருந்தொன்றைக் கொடுக்க வேண்டுமென்றீர்கள். மூத்த மருத்துவர் மேசையைத் தட்டினார்: “நட்ட செடி மேலயே மருந்தை ஊத்தினா, நட்டதும் சேர்ந்து போயிடுமே!”

“உடம்பைத் தாக்க வெறிகொண்டு பெருகுற அணுதான் சாகும் சார். தாய் அணு தப்பிச்சுக்கும்,” என்று பிற மருத்துவமனைகளின் முடிவுகளை அவர்முன் விரித்தீர்கள். அவர் அரைமனத்தோடு இசைந்தார்.

மருந்து சென்றது. காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. வெள்ளையணுக்கள் எழவே இல்லை. எங்களில் சிலர் கண்கலங்கி ஒதுங்கினோம். நீங்களோ காலையும் மாலையும் நடத்துநரின் உள்ளங்கையை விரித்து, அணுக்கள் தாக்கத் தொடங்கியதைக் காட்டும் செந்தடிப்பு உண்டா என்று பார்த்தபடியே இருந்தீர்கள். அந்தப் பழக்கத்தில், விளக்கு மாட்ட வந்தவரிடமும் “கையைக் காட்டுங்க” என்றீர்களே, அதை மறப்போமா!

ஒரு காலை, ஆய்வகத்து அம்மா தாழ்வாரம் அதிரக் கத்திக்கொண்டு ஓடிவந்தார்: “ஏறுது மேடம், ஏறுது!”

வெள்ளையணுக்கள் ஏறின, காய்ச்சல் இறங்கியது, வாரங்கள் கடந்தும் தோல் தெளிவாகவே இருந்தது. முதலில் கைதட்டியவர் அந்த மூத்த மருத்துவரே! இன்று நடத்துநர், “உள்ள போங்க, உள்ள போங்க!” என்று ஒரு பேருந்தையே அதட்டுகிறார்.

வெற்றித் திருவே! வரும் வாரம் இங்கே படுக்கவிருக்கும் சிறுமிக்கும் பாதிப் பொருத்தம்தான். அதைக் கேட்ட அவள் தாய் அழவில்லை. “எப்ப வந்து சேரணும்?” என்று மட்டுமே கேட்டார். அச்சமற்ற அந்தக் கேள்வியை எங்களுக்குத் தந்தவர் நீங்கள்!

நலம் குன்றாமல், நகை குறையாமல், நெடுங்காலம் வாழ்க!

அன்பில் நெகிழும்,
மாற்றுச் சிகிச்சைப் பிரிவின் மருத்துவர், செவிலியர், ஆய்வகத்தார், துப்புரவுப் பணியாளர் அனைவரும்