இருபத்திரண்டு நிமிடப் பெட்டி

உங்கள் மேசை மின்விசிறிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடச் சொல்லுங்கள் சார். இந்தக் கிறீச் சத்தத்தை வைத்துக்கொண்டு எப்படித்தான் நாள் முழுக்க ரிப்போர்ட் எழுதுகிறீர்களோ. முப்பத்தோரு வருடம் மெக்கானிக்காக இருந்துவிட்டேன். ஓடுகிற எதுவும் லேசாக முனகினாலும் எனக்குப் பொறுக்காது.

வாகன ஆய்வாளராக நீங்கள் கேட்டது நியாயமான கேள்விதான். ஒரே பழைய மோட்டார் சைக்கிளில் ஐந்து மாதத்தில் நான்கு முறை சி.டி.ஐ. எப்படிப் போகும். சீட்டுக்கு அடியில், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும் அந்தக் கறுப்புப் பெட்டிதான் பிளக்கில் எப்போது பொறி விழ வேண்டும் என்று சொல்கிறது. அது நின்றால் இன்ஜினும் நின்றுவிடும். ஒரு திணறல்கூட இருக்காது. புதுப் பெட்டி மாட்ட மாட்டப் போகிறது என்றால், பெட்டியைக் கெடுப்பது வேறு ஏதோ ஒன்று. அதைத்தான் நீங்கள் தேடுகிறீர்கள். என் மகளும் அதைத்தான் தேடினாள்.

அவளுக்கு ஒன்பது வயதில் அம்மா போய்விட்டாள். அதிலிருந்து நாங்கள் இரண்டு பேர்தான். ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்ததும், என் வண்டியை எடுத்துக்கொண்டாள். இருபத்தாறு வருடத்து வண்டி. "இது உங்களைவிட என் பேச்சைத்தான் நல்லா கேக்குதுப்பா" என்று சிரிப்பாள். நானும் சிரித்தேன். ஆனால் அவள் ஹெல்மெட்டை மாட்டும்போதே நான் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவேன்.

உங்களுக்குத் தெரியும் சார், நீங்களும் பார்க்கிறவர்தானே. அடிபட்ட வண்டியை வாசலில் இறக்கிவிட்டுப் போவார்கள். அதைப் பிரித்துக் கழுவ வேண்டியவன் நான். செயினில் சுற்றிய துப்பட்டாவை அறுத்து எடுத்திருக்கிறேன். பிரேக் பெடலில் சிக்கிய ஒற்றைச் செருப்பை எடுத்து வைத்துக்கொண்டு, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றிருக்கிறேன். அதன் பிறகு ஒவ்வொரு நாளும், அவள் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று போன் செய்கிறவரை எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. பட்டறையில் என்னிடம் பேசவே ஆட்கள் பயப்படுவார்கள். போகாதே என்று சொல்லிப் பார்த்தேன். "அப்போ நான் எப்பதான்பா வெளியில போறது" என்றாள். அவளுக்கும் கொஞ்சம் பயம் வந்தால் நல்லது என்று தோன்றியது. அவ்வளவுதான் என் ஆசை.

கெட்டுப்போன பெட்டியை மற்ற மெக்கானிக்குகள் குப்பையில் போடுவார்கள். நான் போடமாட்டேன். சில பெட்டிகள் சூடேறினால் செத்துப்போய், ஆறினால் பிழைத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட வண்டி வழியில் நிற்கும், பட்டறைக்கு வந்ததும் ஒழுங்காக ஓடும். வாடிக்கையாளர் நம்மைத்தான் முட்டாள் என்பார். அதனால் ஒவ்வொன்றையும் வண்டியில் மாட்டி ஓட்டிப் பார்த்து, எத்தனை நிமிடத்தில் நிற்கிறது என்று பிளாஸ்திரியில் எழுதி ஒட்டி வைப்பது என் பழக்கம். எட்டு, பதினான்கு, பதினெட்டு, இருபத்திரண்டு. தொழிலில் சுத்தம் வேண்டும் சார்.

முதலில் எட்டு நிமிடப் பெட்டியை அவள் வண்டியில் மாட்டினேன். கடைத்தெரு முனையில் நின்றது. பயந்து வருவாள் என்று பார்த்தேன். வண்டியைத் தள்ளிக்கொண்டு, வியர்த்து, சிரித்தபடி வந்தாள். வீட்டுப் பக்கத்தில் நின்றால் யாருக்குப் பயம் வரும். அடுத்தது பதினான்கு, கடையில் புதிதாக வாங்கியது என்று சொல்லி. ஆளில்லாத கிடங்கு மதில் ஓரம். அன்று வந்ததும் வாசல் தாழ்ப்பாளை இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். தண்ணீர் கொடுத்தேன், சோறு பிசைந்து கொடுத்தேன். சின்னப் பிள்ளையில் சாப்பிட்டமாதிரி என் கையில் வாங்கிச் சாப்பிட்டாள். அந்த ஒரு வாரம் அவள் வண்டியைத் தொடவில்லை. என் வாழ்க்கையில் நான் நன்றாகத் தூங்கிய வாரம் அதுதான்.

ஆனால் அவள் பரிசோதனைக் கூடத்துப் பெண். காரணம் தெரியாமல் விடமாட்டாள். மீட்டரை எடுத்து வந்து சார்ஜிங் அளந்தாள். பதினான்கு வோல்ட், சரியாக இருந்தது. எர்த் ஒயரைச் சுரண்டிப் புதிதாகப் போட்டாள். இக்னிஷன் காயில்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நான் விளக்குப் பிடித்தேன். எதுவும் கெட்டிருக்கவில்லை, எப்படி இருக்கும். பதினெட்டு நிமிடப் பெட்டியும் வழியில் நின்ற பிறகு, "கடைக்காரன்தான்பா பழச புதுசுன்னு ஏமாத்துறான்" என்றாள். வேறு கடையில் வாங்கி, பெட்டியின் அடியில் தன் நகப்பூச்சில் ஒரு பொட்டு வைத்து, அவளே மாட்டினாள். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

நகப்பூச்சுக் குப்பி அவள் கைப்பையைவிட்டு வெளியே வராது, அதனால் அதே நிறம் தேடி மூன்று கடை ஏறி இறங்கினேன். கடைக்காரப் பெண் "யாருக்கு சார், வீட்டம்மாவுக்கா" என்று கேலி செய்தாள். மகளுக்கு என்றேன். அவள் வாங்கிய மாதிரியே இன்னொரு புதுப் பெட்டி வாங்கி, அதன் ஸ்டிக்கரை ஆவியில் காட்டி உரித்து, இருபத்திரண்டு நிமிடப் பெட்டியில் ஒட்டினேன். பொட்டும் வைத்தேன். காலையில் அவள் குளிக்கப் போனபோது மாற்றினேன். ஒரே போல்ட், ஒரு சாக்கெட். வாளி நிரம்புகிற நேரம்கூட ஆகவில்லை. இப்போது உங்கள் மேசையில் பிளாஸ்டிக் பையில் இருப்பது அதுதான்.

இருபத்திரண்டாவது நிமிடத்தில் பாலத்துக்கு முன்னால் ஒரு பேருந்து நிழற்குடை வரும். ஓரம் அகலமாக இருக்கும். வண்டி அங்கே நின்றிருக்க வேண்டும். லாரிகள் பக்கத்தில் உரசிப் போகும், அவள் நடுங்கிப் போவாள், அதோடு முடிந்தது. ஆனால் அன்று மழை. மழையில் பெட்டி சூடேற நேரமாகும். இருபத்தேழு ஆகிவிட்டது. பாலத்தின் நடுவில், பின்னால் லாரி வரும்போது நின்றது. அந்த டிரைவரை விட்டுவிடுங்கள், பாவம். பிரேக் தடம் நீளமாக இருந்தது, நானே போய்ப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் அவள் இடது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

மழையில் நேரம் கூடும் என்பது இத்தனை வருட மெக்கானிக்குக்குத் தெரியாதா என்று நீங்கள் கேட்கவில்லை. மரியாதைக்காகக் கேட்காமல் இருக்கிறீர்கள். தெரியும் சார். மழைக்கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே "வண்டி சரியா இருக்காப்பா?" என்று கேட்டாள். மனதுக்குள் ஐந்து நிமிடத்தைக் கூட்டிப் பார்த்தேன். எந்த இடம் வருகிறது என்பதும் தெரிந்தது. "நல்லா இருக்கும்மா, போய்ட்டு வா" என்றேன்.

நேற்று நீங்கள் அவளை விசாரிக்க வீட்டுக்கு வந்தீர்கள். நான் அடுப்படியில் இருந்தேன். பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டருக்கு என்ன லைசென்ஸ் வேண்டும் என்று அவள் கேட்டதும், நீங்கள் பொறுமையாக விளக்கியதும் காதில் விழுந்தது. ஒரு கால் போயும் இவளுக்கு ஏன் பயம் வரவில்லை என்று யோசித்தேன். கெட்ட பெட்டி, கெட்ட நேரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். புது வண்டியில் அந்தக் கோளாறு இருக்காது என்று நம்புகிறாள். அதனால்தான் இன்று நானாகவே வந்தேன்.

எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், ஒன்றையும் விடாமல். கையெழுத்துப் போடுகிறேன். எத்தனை வருடம் என்றாலும் இருந்துவிட்டு வருகிறேன். ஒரே ஒரு உதவி மட்டும் செய்யுங்கள். இதை நீங்களே அவள் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகப் படித்துக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகு அவள் எந்த வண்டியையும் நம்பமாட்டாள் சார். இந்த உலகத்தில் அவள் பயமில்லாமல் நம்புவதற்கு நான் ஒருத்தன்தான் மிச்சம் இருப்பேன்.