பதினோரு காரணங்கள்

இடது பக்கம் இரண்டு விரல் அகலத்துக்கு ஓரம் விட்டு எழுதுங்கள். துளை போட்டு நாடா கட்டும்போது எழுத்து உள்ளே போய்விட்டால் அப்புறம் யாராலும் படிக்க முடியாது. முப்பத்தொரு வருடம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்த பழக்கத்தில் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நீதிமன்ற வட்டாரத்தில் எனக்கு 'நாள்காட்டி' என்று பட்டப்பெயர். எந்த வழக்குக்கு என்றைக்கு வாய்தா என்று கேட்டால் டைரியைத் திறக்காமல் சொல்வேன். பேசுவது எங்கள் வக்கீல் சார். பேச வேண்டிய நாளில், பேச வேண்டிய காகிதத்தோடு அவரைக் கொண்டுபோய் நிறுத்துவது நான். "இவன் இல்லேன்னா நான் வெறும் கறுப்புக் கோட்டுதான்யா" என்று நாலு பேர் முன்னால் அவரே சொல்லியிருக்கிறார். எனக்குக் குடும்பம் கிடையாது. அந்த மேஜை, அந்தத் தட்டச்சு இயந்திரம், அந்தப் பெயர், அவ்வளவுதான் சொத்து.

எங்கள் ஆபீஸ் ஒரு வீட்டின் மாடியில் இருந்தது. கீழே வீட்டுக்காரம்மா. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், தனியாள். எல்லாரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். தினமும் காலையில் பேப்பர் படிக்க மாடிக்கு வருவார். நான் அடித்து வைத்த மனுவை எடுத்துப் பார்த்து, ஒற்றெழுத்து விட்டுப்போன இடத்தில் பென்சிலால் சுழிப்பார். "சட்டம் தெரிஞ்சா போதுமா, தமிழ் வேண்டாமா?" என்பார். எனக்கு அதில் வருத்தமே இருந்ததில்லை. அவர் சுழித்த இடமெல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்களே, எனக்கு ஒரே ஒரு தடவை சறுக்கியது. டீச்சரின் தங்கைக்கு ஒரு வீட்டு வழக்கு. கீழ்க்கோர்ட்டில் தோற்றுப்போனது. முப்பது நாளுக்குள் மேல்முறையீடு போட வேண்டும். அந்த அம்மா ஆறாவது நாளே வந்து கையெழுத்துப் போட்ட காகிதங்களைக் கொடுத்துவிட்டுப் போனார். நான் அதை வேறொரு கட்டுக்குள் வைத்துக் கட்டிவிட்டேன். கண்ணில் பட்டது நாற்பத்தொன்றாவது நாள். சாரிடம், "அந்தம்மா கையெழுத்துப் போட வரவே இல்ல சார்" என்று சொன்னேன். சார் நம்பினார். அந்த அம்மா வீட்டைக் காலி செய்தார். அக்காவும் தங்கையும் இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. அது அவர்கள் குடும்ப விஷயம் என்று நான் ஒதுங்கியிருந்தேன்.

ஒருநாள் காலை பத்து மணிக்கு டீச்சர் மாடி ஏறி வந்தார். கையில் ஒரு துண்டுச் சீட்டு. காகிதங்களைப் பெற்றுக்கொண்டேன் என்று நான் எழுதிக் கொடுத்தது. என் கையெழுத்து, என் தேதி. தங்கையின் பழைய கைப்பையின் கிழிந்த உறைக்குள் இருந்ததாம்.

அவர் சத்தம் போடவில்லை. "சாயங்காலம் அவர் கோர்ட்ல இருந்து வந்ததும் நீயே சொல்லிடு. நீ சொல்லலேன்னா நான் சொல்லுவேன். உன் வாயால வந்தா உனக்கு மரியாதை" என்றார். நியாயமான பேச்சு. அதை நான் இன்றைக்கும் மறுக்கவில்லை.

அன்றைக்கு அவர் சமையலறையில் குழாய்க்காரர் வேலை செய்துகொண்டிருந்தார். அந்தத் தெருவில் எல்லா வீட்டுக்கும் அவர்தான். தொட்டிக் குழாய் ஒழுகுகிறது என்று கழற்றிப் போட்டிருந்தார். வாஷர் தேய்ந்துபோச்சு, கடைக்குப் போய் வாங்கி வருகிறேன் என்றிருக்கிறார். கையோடு கொண்டு வருவதற்கென்ன என்று டீச்சர் திட்டியது மாடிவரை கேட்டது. "ஒரு வாஷருக்கு இவ்வளவு பாட்டா டீச்சர்?" என்று சிரித்துக்கொண்டே அவர் வேகமாக வெளியே போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மணி பதினொன்றே கால். நான் கீழே இறங்கினேன்.

நான் போனது கேட்பதற்காகத்தான். "ரெண்டு நாள் டைம் குடுங்க டீச்சர்" என்றேன்.

"ரெண்டு மாசம் என் தங்கச்சியைப் பொய்க்காரின்னு நினைச்சேன். உனக்கு ரெண்டு நாளா?" என்றார். அடுப்பில் பால் பொங்கி வந்தது. அதைப் பார்க்கத் திரும்பினார். முதுகைக் காட்டியபடியே, "சாயங்காலம்" என்றார்.

தொட்டிக்குப் பக்கத்தில் தரையில் குழாய்க்காரரின் ரெஞ்ச் கிடந்தது. எடுத்து இரண்டு அடி அடித்தேன். கோபமா என்று கேட்பீர்கள். கோபம் இல்லை. சார் நாலு மணிக்கு வந்துவிடுவார் என்பது ஒன்றுதான் மனதில் இருந்தது. அடுப்பை அணைத்தேன். ரெஞ்சைக் கைப்பிடித் துணியால் துடைத்து இருந்த இடத்திலேயே வைத்தேன். மேஜைமேல் இருந்த சீட்டை எடுத்துக்கொண்டேன். கை கழுவலாம் என்று குழாயைத் திறந்தால் தண்ணீர் வரவில்லை. குனிந்து பார்த்தேன். கீழ்க்குழாய் கழற்றியிருந்தது. அவர் மெயின் வால்வை மூடிவிட்டுப் போயிருக்கிறார். நல்ல வேலைக்காரர். துணியோடு மாடிக்கு வந்து, குடிக்க வைத்திருந்த குடத்துத் தண்ணீரில் கழுவினேன்.

கால் மணி நேரத்தில் அவர் வாஷரோடு திரும்பி வந்தார். அலறல் கேட்டது. உயிர் இருக்குமோ என்று டீச்சரை மடியில் தூக்கிப் போட்டுக்கொண்டிருக்கிறார். தெரு கூடியபோது சட்டையெல்லாம் ரத்தம். போலீஸ் என்னிடமும் கேட்டது. நான் மூன்று விஷயம் சொன்னேன். குழாய்க்காரர் காலையில் வந்தார். ஏதோ வாக்குவாதம் கேட்டது. பதினொன்றே காலுக்கு வேகமாக வெளியே போனார். மூன்றில் ஒன்றுகூடப் பொய் இல்லை. நான் சாட்சிக் கூண்டில் ஏறவும் இல்லை.

ஆத்திரத்தில் அடித்துவிட்டு, தொட்டியில் கையைக் கழுவிக்கொண்டு, சந்தேகம் வராமலிருக்கக் கடைக்குப் போய் வந்து நாடகம் ஆடினார் என்பது அரசுத் தரப்பு. கடைக்காரர், "கை சுத்தமாத்தான் இருந்துச்சு" என்று அவருக்கு ஆதரவாகச் சொன்னதே அவருக்கு எதிராகப் போயிற்று. ஆயுள் தண்டனை.

அதை நான் எதிர்பார்க்கவில்லை. சாட்சியம் போதாது என்று விட்டுவிடுவார்கள் என்றே நினைத்திருந்தேன். அவர் மனைவி தீர்ப்பன்று நீதிமன்றத் தாழ்வாரத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். இடுப்பில் ஐந்து வயதுப் பெண் குழந்தை. எனக்கு மனசு கேட்கவில்லை. நான்தான் அவரைச் சாரிடம் அழைத்துப் போனேன்.

"நம்ம டீச்சரைக் கொன்னவனுக்கா?" என்றார் சார்.

"அந்த ஆளு செஞ்சிருக்க மாட்டாருன்னு எனக்குத் தோணுது சார்" என்றேன்.

என் பேச்சுக்கு அவரிடம் எடை உண்டு. மேல்முறையீட்டை எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து அந்தப் பெண் என்னை அண்ணே என்றார்.

வழக்குக் கட்டு வந்தது. முழுவதையும் நான் தட்டச்சு செய்ய வேண்டும். முப்பத்தேழாம் பக்கத்தில், முதலில் வந்த காவலர் கையால் எழுதிய குறிப்பு இருந்தது. அதில் ஒரு வரி: 'குழாயைத் திறந்தபோது தண்ணீர் வரவில்லை, கீழ்க்குழாய் கழற்றிய நிலையில், தொட்டியும் தரையும் காய்ந்திருந்தன.' கீழ்க்கோர்ட்டில் அவருக்கு அமர்த்திய வக்கீல் அதைப் படிக்கவே இல்லை. வால்வைத் திறந்திருந்தால் அந்தச் சமையலறை குளமாகியிருக்கும். குழாய்க்காரர் அங்கே கை கழுவியிருக்கவே முடியாது. அந்த ஒரு வரி போதும், வழக்கு விழுந்துவிடும். ஆனால் அப்புறம் ஒரு கேள்வி வரும். கொன்றவன் எங்கே கழுவினான்? அந்தக் கட்டடத்தில் தண்ணீர் இருந்த இன்னொரு இடம் எங்கள் மாடி. மாடியில் இருந்த ஆள் நான்.

நான் எதையும் கிழிக்கவில்லை. அந்த வரியை விட்டுவிட்டு அடித்தேன். தட்டச்சில் ஒரு வரி விட்டுப்போவது சகஜம். அதற்கு ஈடாக, விடுதலைக்குப் பதினோரு காரணங்கள் எழுதினேன். ஒவ்வொன்றும் ராத்தூக்கம் கெட்டு யோசித்தது. மனு அருமையாக எழுதப்பட்டிருக்கிறது என்று நீதிபதியே சொல்லிவிட்டுத் தள்ளுபடி செய்தார். அதற்கும் மேலே போனோம். அங்கேயும் தள்ளுபடி.

வியாழக்கிழமைதோறும் சிறையில் அவரைப் பார்த்துவிட்டு நேரே ஆபீசுக்கு வருவார் அந்தப் பெண். துணி தைக்கும் கம்பெனியில் பொத்தான் வேலை. விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய புள்ளி. தண்ணீர் கொடுப்பேன், மின்விசிறியைத் திருப்பி வைப்பேன்.

"வால்வை மூடிட்டுத்தான் கடைக்குப் போனேன், அதை எழுதச் சொல்லுன்னு ஒவ்வொரு தடவையும் அதையே சொல்றாரு அண்ணே."

"அது சட்டத்துல நிக்காதும்மா."

"நிக்காதா?"

"அவர் சொன்னா மட்டும் போதாதும்மா. காகிதத்துல இருக்கணும்."

மண்டையை ஆட்டிக்கொள்வார். அடுத்த வியாழக்கிழமை வந்து மறுபடியும் அதையே கேட்பார். ஒருமுறை நீதிமன்ற வாசலில் அட்டையைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் வெயிலில் உட்கார்ந்தார். பத்திரிகைக்காரர் ஒருவர் கட்டைப் பார்க்க வேண்டும் என்று வந்தார். தட்டச்சுப் பிரதியைக் கொடுத்தேன். படித்துவிட்டு, "புதுசா ஒண்ணும் இல்லையே" என்று உதட்டைப் பிதுக்கினார். அன்றைக்கு அந்தப் பெண் என் மேஜையில் தலையைச் சாய்த்து அழுதார். "என் கூடப் பொறந்தவன்கூட எட்டிப் பாக்கல. நீங்க மட்டும்தான் அண்ணே இருக்கீங்க." நானும் கலங்கிவிட்டேன். அது நடிப்பு இல்லை.

ஒன்பதாவது வருடம் குழாய்க்காரருக்கு நுரையீரல் கெட்டுவிட்டது. நான்கு மாதம் தாங்கினால் பெரிது என்றார் சிறை மருத்துவர். தண்டனைக் குறைப்புக் குழு என்று ஒன்று உண்டு. ஆனால், செய்த குற்றத்தை ஒப்புக்கொண்டு வருந்துகிறவர்களைத்தான் அவர்கள் விடுவிப்பார்கள். செய்யவே இல்லை என்கிறவருக்கு அங்கே இடம் இல்லை. ஒன்பது வருடம் மாட்டேன் என்றவர், மூச்சு வாங்க ஆரம்பித்ததும் சரி என்றுவிட்டார்.

"செஞ்சேன்னு எழுதிக் குடுங்க அண்ணே. கையெழுத்துப் போடுறேன்னுட்டாரு. பொண்ணு பக்கத்துல உக்காந்திருக்க, வீட்ல சாகணும், அது போதும்" என்றார் அந்தப் பெண். சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னார்.

நான்கு பக்கம் எழுதினேன். என் வாழ்நாளில் இவ்வளவு வேகமாக எதையும் எழுதியதில்லை. அடித்தல் திருத்தல் இல்லாமல் ஓடியது. பால் பொங்கியது, டீச்சர் முதுகைத் திருப்பியது, இரண்டு அடி, அடுப்பை அணைத்தது. படிக்கிற குழுவுக்கு நம்பிக்கை வர வேண்டுமே. எழுதி முடித்தபோது மனசு லேசாக இருந்தது. முதல்முறையாக அவருக்கு உண்மையிலேயே உதவி செய்கிறேன் என்று தோன்றியது.

அடுத்த வியாழக்கிழமை அந்த நான்கு பக்கமும் திரும்பி வந்தது. கையெழுத்து இல்லை. மூன்றாம் பக்கத்தில் ஓர் இடத்தில் அடிக்கோடு. 'கை கழுவக் குழாயைத் திறந்தேன், தண்ணீர் வரவில்லை.' பக்கத்தில் நடுங்கும் எழுத்தில் எழுதியிருந்தார்: 'வால்வை மூடினவன் குழாயைத் திறந்து பார்ப்பானா? தெரியாதவன்தான் திறப்பான். எழுதினவரைக் கேள்.'

சார் அப்போது கோர்ட்டில் இருந்தார். அந்தப் பெண் நின்றுகொண்டே இருந்தார். நான் தண்ணீர் டம்ளரை நீட்டினேன். வாங்கவில்லை.

"அண்ணே, நீங்களா?"

நான் இல்லை என்று சொல்லவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், நேருக்கு நேர் கேட்டபோது நான் பொய் சொல்லவில்லை.

அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். ஊரைக் கூட்டுவார் என்று நினைத்தேன். தரையில் உட்கார்ந்து என் காலைப் பிடித்துக்கொண்டார். "உங்களைக் காட்டிக் குடுத்து எனக்கு ஆகப்போறது ஒண்ணும் இல்ல. நான் சொன்னா யார் நம்புவாங்க? ஒம்பது வருஷம் யார் நம்புனாங்க? நீங்களே எழுதிக் குடுத்துடுங்க. மூச்சு இருக்கும்போதே அவரை வெளியே விட்டுடணும். எத்தனை நாள் வேணும், சொல்லுங்க."

ஒரு வாரம் கேட்டேன். கொடுத்தார். டீச்சர் கொடுக்காததை அவர் கொடுத்தார்.

அந்த வாரத்தை நான் வீணாக்கவில்லை. இப்படிப்பட்ட காகிதத்தில் முன்னுக்குப் பின் முரண் வரக்கூடாது. தேதிகளை ஒத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் அடித்தேன், திருப்தி இல்லை, மறுபடி அடித்தேன். அந்தப் பெண் தினமும் காலையில் வந்து மாடிப்படியில் உட்கார்ந்திருப்பார். உள்ளே வர மாட்டார். "முடிஞ்சுதா?" என்று மட்டும் கேட்பார். "ஆகிட்டே இருக்கும்மா" என்பேன். ஐந்தாம் நாள், "ராத்திரியெல்லாம் ரத்தமா துப்புறாராம்" என்றார். ஆறாம் நாள் ஒன்றுமே கேட்கவில்லை. ஏழாம் நாள் மத்தியானம் பதினான்காவது பக்கத்தை இயந்திரத்திலிருந்து உருவினேன். அப்போது சிறையிலிருந்து போன் வந்தது. காலையிலேயே முடிந்துவிட்டதாம்.

உடலை ஒப்படைக்கக் கோரும் விண்ணப்பத்தை நான்தான் எழுதினேன். அந்தப் பெண் கேட்கவில்லை. நானாக எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு மணி நேரத்தில் உத்தரவு வந்துவிட்டது. அவருக்காக நான் எழுதிய மனுக்களில் அனுமதிக்கப்பட்டது அது ஒன்றுதான்.

சிறை வாசலில் அவர் கையை நீட்டினார். பதினான்கு பக்கத்தையும் கொடுத்தேன். நின்றபடியே படித்து முடித்தார். மடித்துப் பைக்குள் வைத்தார். மகளிடம், "நீ அப்பாவோட வண்டியில போ, நான் வந்துடுறேன்" என்றார். பிறகு என் சட்டைக் கையைப் பிடித்தார். இங்கே வந்து சேரும்வரை, பஸ்ஸில்கூட, அந்தப் பிடியை விடவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான்.

கடைசிப் பத்தியை நான் சொல்கிறபடியே எழுதிக்கொள்ளுங்கள். இந்த வாக்குமூலத்தை நான் யாருடைய கட்டாயமும் இல்லாமல், மனசாட்சிக்குக் கட்டுப்பட்டு, நானாகவே வந்து கொடுக்கிறேன்.