கட் சொன்னதுக்கு அப்புறம்

— அந்த ஒரு இடத்தை மட்டும் வெட்டிடுங்க மாமா. பிளீஸ். வேற எதுவும் கேட்கமாட்டேன்.

— எந்த இடத்தை? நடுராத்திரியில தூக்கத்துல நடந்து வந்து எடிட்டர்கிட்ட வேலை வாங்கற ஒரே மருமக நீதான்டி வாலு.

— தூங்கினாத்தானே தூக்கத்துல நடக்கறதுக்கு. போன வாரம் உங்க பேய்ப் படத்தைப் பார்த்ததிலேர்ந்து எனக்குத் தூக்கமே வரல.

— நிஜமாவா? பயந்துட்டியா? உட்காரு, உட்காரு. பார்த்து, வயரை மிதிச்சுடாத. உன் வாய்க்குச் சர்க்கரைதான் போடணும்.

— நான் பயந்து செத்துட்டிருக்கேன், நீங்க ஏன் இப்படிச் சந்தோஷப்படறீங்க?

— அதாவது, நாளைக்குக் காலையில தயாரிப்பாளர் வந்து பக்கத்துல உட்காரப் போறார். அன்னிக்குப் போட்டுக் காட்டினப்ப நீயும்தான் பார்த்தியே, அத்தனை பேரும் சிரிச்சாங்க. பேய் வர்ற இடத்துல ஒருத்தர் கொட்டாவி விட்டார். படம் இப்படியே வெளியில போனா அப்புறம் கல்யாண வீடியோகூட என்னை நம்பித் தரமாட்டாங்க. சொல்லு, எதுக்குப் பயந்த? கண்ணாடியில வர்ற முகமா?

— அது வரும்னு தெரியும் மாமா. முகம் கழுவக் குனிஞ்சாலே, நிமிரும்போது பின்னாடி ஒருத்தர் நிக்கணும்ல.

— அப்ப கதவு கிறீச்சுன்னு திறக்குமே?

— பூனை. எல்லாப் படத்துலயும் பூனைதான்.

— மியூசிக் நின்னுபோய், கொஞ்ச நேரம் கழிச்சு டமால்னு...

— மியூசிக் நின்ன உடனே காதைப் பொத்திக்கிட்டேன். அது பயம் இல்ல மாமா, சும்மா தூக்கிவாரிப் போடும், அவ்ளோதான். அம்மா பாத்திரத்தைக் கீழ போட்டாக்கூடத்தான் தூக்கிவாரிப் போடுது.

— அடிப்பாவி. ரெண்டு வருஷ உழைப்பை விழுந்த பாத்திரத்தோட சேர்த்துட்டியே. அப்ப எதுக்குத்தான்டி பயந்த?

— போர்வைக்கு.

— எந்தப் போர்வை?

— அந்த அம்மாவுக்குப் பேய் பிடிச்ச அப்புறம், குட்டிப் பொண்ணு தூங்கும்போது பக்கத்துல வந்து நிப்பாங்கல்ல. கழுத்தை நெரிக்கப் போறாங்கன்னுதான் நினைச்சேன். ஆனா குனிஞ்சு, வெளியில தெரியற காலை மூடி, போர்வையை இழுத்து விடறாங்க. அப்புறம் சும்மா பார்த்துக்கிட்டே நிக்கறாங்க.

— அது படத்துல இருக்கா?

— நீங்கதானே எடிட்டர்?

— அதாவது... டைரக்டர் கட் சொன்னதுக்கு அப்புறம் நடந்தது அது. குழந்தை நிஜமாவே தூங்கிப் போச்சு. ஏசி வேற. அந்த நடிகை பாவம், குளிருமேன்னு போர்வையை இழுத்து விட்டிருக்காங்க. கேமரா ஓடிக்கிட்டே இருந்திருக்கு. அவர் கட் சொன்ன இடத்துலயே நறுக்கியிருக்கணும், அசதியில விட்டுட்டேன் போல. இரு, போட்டுப் பார்க்கறேன்.

— வேணாம், போடாதீங்க.

— நீ கண்ணை மூடிக்கோ. ம்... பார்றா. அது பாட்டுக்கு நிக்குது. பேய்க்கு அந்தப் புள்ளை மேல பாசம்டி. படம் பூரா அதை எப்படி விரட்டறதுன்னே ஓடிட்டிருக்கோம், அது ஏன் போகமாட்டேங்குதுன்னு ஒருத்தரும் கேட்கல. வாலு, இதை நடுவுல வெச்சுக்கிட்டா அந்தப் பூனை, கண்ணாடி, டமால் எல்லாத்தையும் தூக்கிக் கடாசிடலாம். நாளைக்கு முதல் வேலையா இதைத்தான் காட்டப் போறேன்.

— நான் வெட்டச் சொல்றேன் மாமா.

— ஏன்டி, இவ்வளவு நல்ல... ஏய். அழறியா? இங்க பாரு. என்ன ஆச்சு?

— அப்பா அப்படித்தான் நின்னார்.

— எப்ப?

— எங்களை விட்டுப் போறதுக்கு முந்தி, ராத்திரி. எனக்கு அப்ப ஏழு வயசு. என் ரூம் வாசல்ல ரொம்ப நேரம் நின்னுட்டு, வந்து போர்வையை இழுத்து விட்டுட்டுப் போனார். நான் முழிச்சுட்டுதான் இருந்தேன். காலடிச் சத்தம் கேட்டதுமே, இன்னும் தூங்கலியான்னு திட்டு விழும்னு கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன், முகத்தைக்கூடப் பார்க்கல. காலையில பார்த்தா அப்பா இல்ல. ஒரு தடவை கூப்பிட்டிருந்தா போயிருக்கமாட்டார்ல?

— பைத்தியமே. இத்தனை வருஷமா இதை மனசுக்குள்ள வெச்சு அரைச்சுட்டு இருந்தியா? அவர் போனது பெரியவங்க சமாச்சாரம். நீ கூப்பிடாததால இல்ல.

— அது மட்டும் இல்ல. இந்த வாரம் அம்மா வந்து நிக்கறாங்க.

— எங்க?

— அதே வாசல்ல. நேத்து, அதுக்கு முந்தின நாள், அதுக்கும் முந்தி. எதுவும் பேசறதில்ல. போர்வையைச் சரி பண்ணிட்டு அப்படியே பார்க்கறாங்க. அம்மாவும் போகப் போறாங்களா? உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா? மறைக்காதீங்க.

— யாரு, எங்க அக்காவா? தெருமுனைக் கடைக்குப் போறதுக்கே நாலு தடவை பூட்டை இழுத்துப் பார்க்கறவ.

— சிரிக்காதீங்க மாமா. இந்தத் தடவையாவது கூப்பிட்டுடணும்னு நினைச்சேன். வாயே வரல.

— இப்பக் கூப்பிடுடி, இங்கதான் நிக்கறேன்.

— அக்கா? நீ எப்ப வந்து நின்ன?

— கட்டில் காலியா இருந்துச்சு, தேடிட்டு வந்தேன். அந்தத் திரையை அணைடா தம்பி, கண்ணு கூசுது. நீ வா இங்க.

— அம்மா, நீ எங்கயும் போகமாட்டல்ல?

— உங்கப்பா அன்னிக்குச் சாயங்காலமே போயிட்டார்டி, உன்கிட்டதான் காலையில சொன்னோம். ராத்திரி உன் ரூம் வாசல்ல நின்னது நான். அன்னிலேர்ந்து தினமும்தான் நிக்கறேன், இந்த வாரம்தான் நீ முழிச்சிருந்திருக்க.