பால் கொண்டுவந்தவள்

இல்ல மேடம், நான் ஒண்ணும் பேச்சை மாத்தல. பெரியவர் சாவுக்கு நான்தான் காரணம்னு அவரு மகன் எழுதிக் குடுத்திருக்காரில்ல, அது டிவியில பாத்த அந்தப் படத்துலதான் ஆரம்பிச்சது. அதைக் கேட்டாத்தான் உங்களுக்குப் புரியும்.

படுத்த படுக்கையா இருக்கிறவங்களைப் பாத்துக்கிறதுதான் என் வேலை. பெரியவருக்கு பக்கவாதம். பேச்சு குழறும். என்னை ஜெயிலர்னுதான் கூப்பிடுவாரு. மாத்திரையை நாக்குக்கு அடியில ஒளிச்சு வச்சா விடமாட்டேன்ல, அதனால. நல்லா சிரிப்பாரு மேடம், பாதி வாயாலயே.

அன்னைக்கு ஞாயித்துக்கெழம மத்தியானம். கொலைப் படம் ஒண்ணு வந்திருக்கு, எல்லாரும் உக்காந்து பாக்கலாம்னு மருமக சொன்னாங்க. பெரியவரையும் சக்கர நாற்காலியில கூட்டிட்டு வந்து கூடத்துல விட்டேன். எனக்கும் ஒரு ஸ்டூல் போட்டாங்க. அதுல ஒரு பணக்காரக் கெழவரு செத்துப்போறாரு. டிரைவர்தான் கொன்னான்னு நான் சொன்னேன். இல்ல, தம்பிதான்னு மகன் சொன்னாரு. கொஞ்ச நேரத்துல படத்துல அந்த டிரைவரே செத்துட்டான், எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். பெரியவரும்தான்.

கடைசியில யாருன்னு நெனைக்கிறீங்க? அந்தக் கெழவரைப் பாத்துக்கிட்ட நர்ஸ். படம் பூரா அழுதுகிட்டே இருந்தவ. பால்ல கொஞ்சம் கொஞ்சமா எதையோ கலந்து குடுத்திருக்கா. கரண்டியால கலக்கிக்கிட்டே சிரிக்கிறா பாருங்க, திரை பூரா அவ பல்லுதான். மகன் டக்குனு டிவியை அணைச்சிட்டாரு.

படம் எடுத்தவன் நல்லா இருப்பானா? பீயள்ளி மூத்திரம் துடைக்கிறவ எப்படி இருப்பான்னு ஒரு நாள் வந்து பாத்திருப்பானா அவன்? யாரும் எதிர்பாக்கக் கூடாது, அவ்வளவுதானே அவனுக்கு. கைதட்டு வாங்கிட்டுப் போயிட்டான். நான் இங்க ஸ்டேஷன்ல உக்காந்திருக்கேன்.

மறுநாளே மருந்தெல்லாம் பீரோவுக்குள்ள போயிடுச்சு. சாவி மருமக இடுப்புல. அப்புறம் கட்டிலுக்கு மேல கேமரா. திருடன் வருவானாம், அதுக்காம். பால் எடுத்துட்டுப் போனா, கொஞ்சம் நீ குடிச்சுப் பாரும்மா, சூடு சரியா இருக்கான்னாங்க. எனக்கு சூடு தெரியாதா? குடிச்சேன். அவங்க முன்னாடியே மடக்கு மடக்குன்னு குடிச்சேன். ரோஷம் இருந்தா அப்பவே போயிருக்கணும்னு சொல்றீங்க. போயிட்டா அவரை யாரு புரட்டிப் போடறது? முதுகு புண்ணாயிடும் மேடம்.

ஆமா, டாக்டர் சொன்னது நெசந்தான். ஒடம்புல தண்ணியே இல்ல. வயிறு ஒட்டிப்போச்சு. நான் பட்டினி போட்டேன்னு சொல்றாங்க. கேமராவுல எல்லாம் இருக்குமே, அதைப் போட்டுப் பாக்கச் சொல்லுங்க. வேளா வேளைக்கு நான் தட்டோட போனது இருக்கும். தலைக்கு முட்டுக் குடுத்து நிமித்தினது இருக்கும். சாப்பிட மாட்டேங்கிறாரு, நீங்க வந்து ஒரு வாய் ஊட்டுங்கன்னு மகன்கிட்ட கெஞ்சினேன். அதுக்குத்தானே உன்னை வச்சிருக்கோம்னாரு. மருமக வாசப்படியில நின்னு பாத்துட்டுப் போயிட்டாங்க.

ஏன் சாப்பிடலையா? அதை அவங்க யாருகிட்டயும் நான் சொல்லல மேடம். சொல்ல வாய் வரல.

அவர் முன்னாடி நானே ரெண்டு கரண்டி குடிச்சுக் காட்டினேன். பாருங்கய்யா, ஒண்ணுமில்ல, பால்தான்னு சொன்னேன். கரண்டியைப் பாத்தாரு. என் மூஞ்சியைப் பாத்தாரு. நான் சிரிச்சேன், தைரியம் வரட்டுமேன்னு. அவ்வளவுதான், வாயை இறுக்க மூடிக்கிட்டு, வேலை செய்யற அந்த ஒத்தக் கையால என்னைத் தள்ளிவிட்டாரு.