மாப்பிள்ளை வைத்த பரீட்சை

— கண்ணாடியைப் போடுங்க மச்சான்.

— போட்டுத்தான் இருக்கேன் மாப்ள.

— நெத்தியில இருக்கு. கீழ இறக்குங்க. மரத்தூள் தெறிக்கறது கண்ணுக்குள்ள, நெத்திக்குள்ள இல்ல.

— ஓ, அங்கதான் இருக்கா. காலையிலேர்ந்து வீட்டையே கவிழ்த்துப் போட்டுத் தேடினேன்.

— விளையாடாதீங்க. சாப்பிடப் போனவங்க ரெண்டு மணிக்குத் திரும்பிடுவாங்க. அதுக்குள்ள இருபத்திரண்டு கேள்வி முடிக்கணும். உங்க தம்பிக்கு அப்படி ஆனதுக்கப்புறம், இந்தக் கோணம் வெட்டற மெஷின்ல நிக்கிற ஒவ்வொருத்தருக்கும் புதுசா சோதனை வைக்கணும்னு ஆபீஸ்ல உத்தரவு. பேப்பர்ல பாதுகாப்பு அதிகாரி கையெழுத்து விழுந்தாத்தான் நாளைக்கு நீங்க ஸ்விட்ச்ல கை வைக்கலாம்.

— பாதுகாப்பு அதிகாரி யாரு, என் தங்கச்சி புருஷன்தானே?

— இங்க நான் அதிகாரி. வீட்டுலதான் மாப்பிள்ளை.

— சரிங்க அதிகாரி. விழலன்னா என்ன ஆகும்?

— வாசல்ல ஸ்டூல் போட்டு உக்கார வெச்சிடுவாங்க.

— மூணே நாள்ல செத்துருவேன் மாப்ள. முதல் நாள் போற வர வண்டிய எண்ணுவேன். ரெண்டாம் நாள் கொட்டாவிய எண்ணுவேன். மூணாம் நாள் எண்ண ஆள் இருக்காது. பதினோரு வருஷம் நின்ன இடம் இது. ஆபரேஷன்னு படுத்திருந்தப்பக்கூட ஆஸ்பத்திரி மின்விசிறியைப் பாத்து, இதை நாற்பத்தஞ்சு டிகிரியில வெட்டினா நல்லா இருக்குமேன்னு படுத்திருந்தவன் நான்.

— அதனாலதான் சொல்றேன், ஒழுங்கா பதில் சொல்லுங்க. ஒண்ணு. வெட்டும்போது கையுறை போடலாமா?

— கூடாது. அதுல ஒரு நூல் பிளேடு பல்லுல மாட்டினா போதும். கையுறையை இழுக்கும், கையை இழுக்கும், கைக்குப் பின்னால நிக்கிற ஆளை இழுக்கும், அவன் பொண்டாட்டி பிள்ளைங்க அத்தனை பேரையும் வரிசையா இழுத்துக்கிட்டுப் போகும்.

— 'கூடாது.' எழுதிட்டேன்.

— மீதி?

— இங்க ஒரு வார்த்தைக்குத்தான் இடம் இருக்கு. ரெண்டு. பிளேடு மாத்தறதுக்கு முன்னாடி?

— ஸ்விட்சை அணைச்சா பத்தாது. பிளக்கைப் பிடுங்கி, பிடுங்கின பிளக்கைக் கண் எதிர்ல வெச்சுக்கணும். நம்ம வேலை செய்யும்போது யாராவது நல்லவன் வந்து, ஐயோ பாவம் கழண்டு கிடக்குன்னு சொருகிட்டுப் போயிடுவான்.

— மூணு. பிளேடு மேல இருக்கிற மூடியை?

— அதும்பாட்டுக்கு ஏறி இறங்க விடணும். கோடு மறைக்குதுன்னு கம்பி போட்டுக் கட்டக் கூடாது.

— நாலு. மரத்தைப் பிடிக்கிற கை எவ்வளவு தூரத்துல இருக்கணும்?

— ஒரு சாண். கிட்ட வரக் கூடாது. சின்னத் துண்டா இருந்தா கையே வேண்டாம், கிளாம்ப் போட்டு இறுக்கணும்.

— அஞ்சு. வெட்டி முடிச்சதும்?

— ஸ்விட்சை விடணும். பிளேடைத் தூக்கக் கூடாது. கீழயே வெச்சிருக்கணும். நாலு எண்ணினா நின்னுடும். நின்னப்புறம் தூக்கி, அப்புறம்தான் துண்டை எடுக்கணும். உலகத்துலயே ரொம்ப நீளமான நாலு அதுதான் மாப்ள. கல்யாண மண்டபத்துல பந்திக்கு நிக்கறவன்கூட அவ்வளவு பொறுமையா நிக்கணும்னு இல்ல.

— சரி. ஆறு...

— என் தம்பி, சின்னவன், அன்னைக்கு எத்தனை எண்ணினான்னு உங்க ரிப்போர்ட்ல இருக்கா?

— மச்சான்.

— கேக்கறேன்.

— இல்ல. 'தொழிலாளியின் கவனக்குறைவு'ன்னுதான் இருக்கு.

— எழுதினது?

— நான்தான். தெரிஞ்சே ஏன் கேக்கறீங்க? ஏதாவது ஒண்ணு எழுதித்தான் ஆகணும். மெஷின்ல கோளாறு இல்ல. சொல்லிக் கொடுத்ததுல கோளாறு இல்ல. வேற என்ன எழுதறது?

— விரல் போனதுகூட அவனுக்குப் பெருசா தெரியல மாப்ள. அந்த ஒரு வார்த்தைதான். தண்ணி குடிச்சுட்டு டம்ளரைக் கீழ வைக்கறான், 'கவனமா வைக்கறேன், பாத்துக்குங்க'ங்கறான். பிள்ளையைத் தூக்கிக் கொடுத்தா வாங்க மாட்டேங்கறான். சட்டைப் பொத்தான் போட அரை மணி நேரம் ஆகுது. பொண்டாட்டி போட வந்தா தட்டி விட்டுட்டு, சட்டையே வேண்டாம்னு உக்காந்துடறான்.

— எனக்கு மட்டும் நல்லா இருக்குன்னு நெனைக்கறீங்களா? உங்க தங்கச்சி என்கூடப் பேசி நாற்பது நாளாச்சு. சோறு வேணுமான்னு என்னைக் கேக்க மாட்டா, பாத்திரத்தைக் கேப்பா. அந்தப் பாத்திரத்துக்கு நான்தான் பதில் சொல்றேன்.

— அவ சின்ன வயசிலேயே அப்படித்தான். ஒரு தடவை பென்சிலுக்காக என்னோட ஒன்பது வருஷம் பேசல. சின்னவனைப் பாலிஷ் போடற இடத்திலேர்ந்து இங்க கொண்டுவந்து யார் நிறுத்தினது மாப்ள?

— அவரேதான் வந்து கேட்டார். நீங்க ஆபரேஷனுக்குப் போயிட்டீங்க, வேற ஆளை நிறுத்திட்டா அண்ணன் திரும்பி வரும்போது இடம் இருக்காது, அதுவரைக்கும் நான் நிக்கறேன்னு. அதுல தப்பு என்ன இருக்கு?

— இடம் பிடிச்சு வெச்சிருக்கான். பஸ்ல துண்டு போடற மாதிரி.

— நான் அப்படிச் சொல்லல.

— நான்தான் சொல்றேன். ஆனா சோதனை வெச்சுத்தானே விட்டீங்க?

— பின்ன? முழுசா வெச்சேன். பக்கத்துல நின்னு பாத்தேன். கிட்டத்தட்ட ஒரு மணி நேரம்.

— நல்லா வெட்டினானா?

— சுத்தமா வெட்டினார்.

— ஸ்விட்சை எந்தக் கையால அமுத்தினான்?

— வலது கையாலதான். எல்லாரும் போல.

— போன ரெண்டு விரலும் வலது கையிலதானே மாப்ள. ஸ்விட்ச்ல இருந்த கை பிளேடுக்குக் கீழ எப்படி வந்துச்சு?

— அன்னைக்கு மாத்திப் பிடிச்சிருப்பார்.

— அவன் இடது கைக்காரன். சாப்பிடறதையும் எழுதறதையும் எங்கப்பா அடிச்சு வலதுக்கு மாத்தினார். ஆணி அடிக்கணும், ரம்பம் இழுக்கணும்னா இன்னைக்கும் இடதுதான் வரும். இடது கையில ஸ்விட்ச். மரம் கிடக்கறது இடப் பக்கம். அப்ப வலது கை குறுக்கால போய்ப் பிடிக்கும். ஒரே ஒரு கட்டை வெட்டச் சொல்லிப் பாத்திருந்தா, கண்ணு தெரியாதவனுக்குக்கூடத் தெரிஞ்சிருக்கும்.

— ஆங்... ஆமா. முதல்ல இடதுலதான் பிடிச்சார். நான்தான் திருத்தி விட்டேன். இப்பதான் ஞாபகம் வருது.

— திருத்தினீங்களா. சரி, சரி. நல்லது. ஞாபகம்னா அப்படித்தான், கேட்டாத்தான் வரும். அடுத்த கேள்விக்கு வாங்க.

— கோபமா மச்சான்?

— எனக்கென்ன கோபம். கேளுங்க.

— மீதி எல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சதுதான், நானே போட்டுடறேன். ஆறு, ஏழு, எட்டு... பதினாலு... இந்தா, பத்தொன்பது. பார்வை. எதிர்ச் சுவர்ல எழுத்து அட்டை தொங்குது பாருங்க. மூணாவது வரியைப் படிங்க.

— எந்தச் சுவர்?

— எதிர்ச் சுவர்.

— அங்க சுவர் இருக்கா?

— மச்சான், நேரமாகுது.

— மாப்ள, உங்ககிட்ட மறைக்கறதுக்கில்ல. கதவு சாத்தி இருக்கா? கண்ணு போச்சு.

— என்னது?

— ஆபரேஷனுக்கப்புறம் இப்படி. மயக்க மருந்து கண்ணுல தங்கிடுச்சோ என்னவோ. எதைப் பாத்தாலும் ஈரச் சுண்ணாம்பு வழியா பாக்கற மாதிரி. நேத்துக் காலையில பல்லு விளக்கறேன்னு மரம் ஒட்டற பசையைப் பிரஷ்ல வெச்சுட்டேன். சாயங்காலம் வரைக்கும் வாய் திறக்கல. கல்யாணமாகி இப்படி ஒரு நிம்மதியான நாள் கிடைச்சதில்லன்னு வீட்டுக்காரி தெருவெல்லாம் சொல்லிக்கிட்டுப் போனா.

— சிரிப்பு வரல மச்சான்.

— போன வாரம் பஸ்ஸுக்கு நின்னேன். பெருசா ஒண்ணு வந்து நின்ன மாதிரி இருந்துச்சு. ஓடிப் போய் ஏறினேன். மாடிப்படி. யாரோ ஒருத்தர் வீடு. உள்ள இருந்த பெரியவர் நல்லவர், எங்க இறங்கணும்னு கேட்டார்.

— டாக்டர்கிட்ட போனீங்களா?

— போனேன். டாக்டர்னு நெனைச்சுக் கோட்டு மாட்டற கம்பத்துக்கிட்ட கால் மணி நேரம் என் கஷ்டத்தைச் சொன்னேன். அது பொறுமையா கேட்டுச்சு. இப்ப நீங்க கேக்கற மாதிரி.

— இந்தக் கண்ணை வெச்சுக்கிட்டு நாளைக்கு எப்படி மச்சான் மெஷின்ல நிப்பீங்க?

— கை இருக்கே. பிளேடு எங்க இருக்குன்னு காத்து சொல்லிடும். கோடு எங்க இருக்குன்னு விரலால தடவிப் பாத்துக்குவேன்.

— சுத்தற பிளேடுக்கு முன்னாடி தடவறதா? அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் சேத்து இருபது விரல்ல ரெண்டு ஏற்கனவே குறைவு.

— அதனாலதான் உங்களை நம்பி இருக்கேன். ஒரு கையெழுத்துதானே.

— முடியாது. தெரியாம போட்டாக்கூட வேற. தெரிஞ்சே எப்படிப் போடறது?

— சரி, போடாதீங்க. வாசல்ல உக்காந்துக்கறேன். சின்னவன் வீட்டுல உக்காந்திருக்கான், அண்ணன் வாசல்ல உக்காந்திருக்கான்னு தங்கச்சிக்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. பாத்திரத்துக்கிட்ட சொன்னாக்கூடப் போதும், அவ கேட்டுக்குவா.

— அப்படிப் பேசாதீங்க.

— நான் இடம் இல்லாம நின்னா அவன் விரலைக் கொடுத்ததுக்கு அர்த்தமே இல்லாமப் போயிடும் மாப்ள. அதையும் யோசிங்க.

— ஐயோ, அவ என்னை வீட்டுல இருக்க விட மாட்டா. ஒரு மச்சானை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன், இன்னொருத்தரை வாசலுக்கு அனுப்பிட்டேன்னு ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவா.

— உங்களுக்கு மனசு உறுத்தும்னா ஒண்ணு செய்யலாம். அந்த மரச் சட்டத்தை எடுங்க. பிளக்கைச் சொருகுங்க. ஒரே ஒரு வெட்டு. பக்கத்துல நின்னு பாத்துட்டு, சரின்னா போடுங்க, இல்லன்னா விடுங்க. நியாயமா இருக்கும்.

— வேண்டாம். பிளக்கைத் தொடாதீங்க.

— ஏன்?

— நான் பாத்துக்கிட்டு நிக்கும்போதே உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா நான் என்ன பண்ணுவேன்? தள்ளுங்க. பேனா எங்க... பாக்காமலே போட்டுடறேன். அதுதான் எல்லாருக்கும் நல்லது. ஆனா ஒரு கண்டிஷன். நாளைக்கு உங்க பக்கத்துல ஒரு ஆளைப் போடறேன். கோடு போடறது, மரம் வைக்கறது எல்லாம் அவன். நீங்க சும்மா பேருக்குக் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க. மெதுவா ஒரு மாசத்துல வேற இடத்துக்கு மாத்தி விடறேன்.

— உங்களுக்குப் பெரிய மனசு மாப்ள.

— மனசாவது. சொந்தம்னு வந்துட்டா வேற என்ன செய்யறது? பார்வை, 'நன்று'. கேட்கும் திறன், 'நன்று'. மெஷினை இயக்கிக் காட்டினார், 'ஆம்'. தேதி. இந்தாங்க, போட்டாச்சு.

— சின்னவனுக்கும் இப்படித்தான், சட்டுனு முடிச்சிருப்பீங்க.

— அவருக்கு உங்களை மாதிரி இவ்வளவு பேச்சுக்கூட இல்ல. சரி, பேப்பரைக் கசக்காம பையில வையுங்க. ஆபீஸ்ல கேட்டா ஒரு மணி நேரம் நடந்துச்சுன்னு சொல்லணும்.

— சொல்லிடலாம். கையெழுத்துக்கு மேல ஏதோ பொடிப்பொடியா போட்டிருக்கே, எறும்பு ஊர்ற மாதிரி?

— அது ஒண்ணுமில்ல. எல்லாப் பேப்பர்லயும் அச்சடிச்சு வர்றது. யாரும் படிக்கறதில்ல.

— 'மேற்படி தொழிலாளி இயந்திரத்தை ஓட்டியபோது அரை மணி நேரத்திற்குக் குறையாமல் அருகில் நின்று, அவரது பார்வையிலும் கைப்பழக்கத்திலும் பிழையில்லை என்பதை என் கண்ணால் கண்டேன்.' சின்னவனுக்கும் இந்த வரிக்குக் கீழதானே மாப்ள போட்டுக் கொடுத்தீங்க?