காலண்டரில் இருபத்திரண்டு

வறுத்த செஸ்நட் பார்ப்பதற்கு நம் ஊர்ப் பலாக்கொட்டை மாதிரிதான் இருக்கும், சார். காகிதச் சுருளில் போட்டுத் தருவார்கள். நான் சாப்பிட்டதில்லை. விக்ரமன் அண்ணனும் பிரவீணா அண்ணியும் ஜெர்மனியிலிருந்து அனுப்பிய முதல் படம் அதுதான். அண்ணி தலையில் கம்பளித் தொப்பி, பின்னால் விளக்குப் போட்ட மரக்கடைகள். கிறிஸ்துமஸ் சந்தை. ஊர் ஊராகப் போய் அந்தச் சந்தைகளில் விற்பதையெல்லாம் ருசி பார்க்க வேண்டும் என்பது கல்யாணமான நாளிலிருந்து அவர்களுக்கு ஆசை. பன்னிரண்டு வருடம் கழித்துக் கிளம்பினார்கள். டிசம்பர் எட்டாம் தேதி போய் இருபத்திரண்டாம் தேதி திரும்புவதாகத் திட்டம்.

அண்ணனுக்குச் செஞ்சி பஜாரில் பாத்திரக்கடை. அவருடைய அப்பா பூவராகவனுக்குப் பக்கவாதம் வந்து மூன்று வருடமாகக் கட்டில்தான். இடது கை மட்டும் அசையும். அவரைப் பார்த்துக்கொள்ள என்னைக் கூப்பிட்டார்கள். நான் சிங்கவரத்துக்காரன். சென்னையில் ஒரு கால் சென்டரில் இரண்டு வருடம் நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு, முடியாமல் விட்டுவிட்டு வந்தவன். வந்த பிறகும் எனக்கு ராத்திரியில் தூக்கம் வராது. பகலில்தான் வரும்.

“அதான் நல்லது எழிலு,” என்றார் அண்ணி. “மாமாவுக்கு ராத்திரியிலதான் ஆள் வேணும். முழிச்சினு இருக்கிறவன் நீ ஒருத்தன்தான்.”

பகலில் யார் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அண்ணன் ஒன்றுதான் கேட்டார். வீடியோவில் மகனைப் பார்த்தால் பெரியவர் அழுவார். அதைப் பார்த்து அண்ணி டென்ஷனாகிவிடுவார். அதனால் படம் போதும். “நாங்க சாப்புடற போட்டோ போடறோம்டா. நைனா சாப்புடற போட்டோ நீ போடு. அதப் பாத்தாதான் எனக்குத் தொண்டையில எறங்கும்.”

முதல் மூன்று நாள் ஒழுங்காகத்தான் இருந்தேன். கஞ்சி கொடுத்தேன், துடைத்துவிட்டேன், புரட்டிப் படுக்கவைத்தேன், படம் அனுப்பினேன். மூன்றாம் நாள் அண்ணியிடமிருந்து பதில் வந்தது. “பின்னாடி காலண்டர்ல எட்டாந்தேதியே இருக்குது. டெய்லி கிழிக்க மாட்டியா?” கட்டிலை ஒட்டிய சுவரில், பெரியவர் தலையைத் திருப்பினால் தெரிகிற இடத்தில், தேதி கிழிக்கும் காலண்டர் மாட்டியிருந்தது.

அண்ணி அப்படிக் கேட்டிருக்காவிட்டால் எனக்கு அந்த யோசனை வந்திருக்காது.

மறுநாள், பதினொன்றாம் தேதி காலை, மெஸ்ஸில் இட்லி, பொங்கல், கேசரி, தயிர்சாதம் வாங்கி வந்தேன். பெரியவரைத் தலையணையில் சாய்த்து உட்காரவைத்துத் தலை வாரினேன். ஒரு சட்டை, ஒரு கரண்டி, ஒரு படம். பிறகு காலண்டரில் ஒரு தாளைக் கிழிப்பேன். வேறு சட்டை, வேறு தட்டு.

“இன்னாடா, பொண்ணு பாக்கப் போறனா?” என்று குழறினார். சிரித்தார். அந்தச் சிரிப்பும் ஒரு படத்தில் இருக்கிறது.

மதியத்துக்குள் இருபத்திரண்டாம் தேதிவரை எடுத்து முடித்துவிட்டேன். அப்போதுதான் அவர் காலண்டரைப் பார்த்தார்.

“இருபத்திரெண்டா? மவன் வர்றானா?”

கிழித்த தாளைத் திரும்ப ஒட்ட முடியாது. “ஆமா,” என்றேன். அன்று அவர் நன்றாகச் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு படங்கள் கையில் இருந்தன. தினமும் ஒன்று அனுப்பினேன். தினமும் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்றுதான் எனக்கே தோன்றியது. பன்னிரண்டாம் தேதி இரவுச் சாப்பாட்டை நிறுத்தினேன். சாப்பாடு குறைந்தால் அலச வேண்டிய துணி குறையும். தண்ணீர் குறைந்தால் இன்னும் குறையும். பதினைந்திலிருந்து இரண்டுமே இல்லை.

பாத்திரம் தேய்க்க வரும் தனகோட்டி வாசலில் நின்று, “பெரியவரு சாப்டாரா தம்பி?” என்றாள். போனில் படத்தைக் காட்டினேன். “பொங்கலா? குடுத்து வெச்ச மனுசன்,” என்று சொல்லிவிட்டுப் போனாள். பாத்திரம் சேரவில்லை, அண்ணி வந்த பிறகு வந்தால் போதும் என்று அனுப்பிவிட்டேன்.

பகலில் நான் தூங்கும்போது பெரியவர் மோதிரத்தால் இரும்புக் கட்டிலைத் தட்டுவார். மூன்று தட்டு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி மூன்று. கதவைச் சாத்தி மின்விசிறியை வேகமாக வைத்தேன். ஒருமுறை மட்டும் எழுந்து போனேன்.

“வந்துட்டானா?” என்றார்.

போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். சந்தையில் அண்ணன் உருளைக்கிழங்கு அடையைக் கடித்துக்கொண்டிருக்கும் படம். ஆவி பறந்தது. பெரியவர் வெகுநேரம் பார்த்தார். உதட்டை நக்கினார்.

“சூடா இருக்குதா?” என்று கேட்டார்.

இருக்கிறது என்றேன். கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

பதினேழாம் தேதி அண்ணி குரல் அனுப்பினார். “மாமாவுக்குக் கன்னம் வெச்சிருக்குது எழிலு. இனிமே உன்ன உடவே மாட்டோம்.” பின்னாலேயே அண்ணன் சிரிப்பது கேட்டது, வாய் நிறைய எதையோ வைத்துக்கொண்டு. அவர்கள் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள் சார். அதைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள்.

இருபதாம் தேதி மதியம் நன்றாகத் தூங்கினேன். எழுந்த பிறகுதான் ஏன் என்று புரிந்தது. கட்டிலில் தட்டுச் சத்தம் இல்லை. அன்றைய படத்தை அனுப்பினேன். நீலச் சட்டை, கேசரி. மறுநாள் படத்தையும் அனுப்பினேன். இருபத்திரண்டாம் தேதி அவர்கள் வந்து இறங்கினார்கள். இதய வடிவத்தில் பெரிய இஞ்சி ரொட்டி ஒன்றை நைனாவுக்கென்று அண்ணன் கையிலேயே வைத்திருந்தார். அன்றைய படம் இன்னும் என் போனில் இருக்கிறது. அனுப்பவில்லை.

தட்டியது கேட்டதா என்று கேட்டீர்கள். கேட்டது. தண்ணீருக்குத்தான் என்றும் தெரியும். குடம் கதவுக்கு இந்தப் பக்கம், என் தலைமாட்டில் இருந்தது. அவரைக் கொன்றது நான். அண்ணிக்கோ அண்ணனுக்கோ தனகோட்டிக்கோ இதில் பங்கில்லை. இதை எழுதும்போதும் மேசைக்கு அடியில் மூன்று தட்டு கேட்கிறது. எதிரே உட்கார்ந்திருந்த ஏட்டு முருகையனிடம் காலை ஆட்டாதீர்கள் என்றேன். அவர் எழுந்து நின்று காட்டினார்.

ஒன்று மட்டும். மகனுக்காக ஏங்கிச் செத்தார் என்று எழுதாதீர்கள் சார். கண் திறக்கும்போதெல்லாம் சுவரில் இருபத்திரண்டுதான் இருந்தது. பத்து நாளும் அவருக்கு மகன் வருகிற நாள். எத்தனை அப்பாவுக்கு அது கிடைக்கும்? அதை அவருக்கு நான்தான் கொடுத்தேன்.